மேல் முடிச்சு

காஜா பெராங், மலாக்கா
10-2-1957

அன்புள்ள தம்பி கருணாகரனுக்கு,

அண்ணி பூங்காவனம் எழுதுகிறேன். கோலாலம்பூரில் நீங்களும் மல்லிகாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் மூன்று வாத்துகளும் இருக்கிறோம்.

உங்கள் அண்ணன் காரியத்துக்கு வந்து இரண்டு நாள் தங்கிவிட்டுப் போனீர்கள். அதற்கப்புறம் ஒரு கடிதம்தான் வந்தது. குறை சொல்லவில்லை, ஆபீஸ் வேலை எப்படி என்று எனக்குத் தெரியாதா. நானும்தான் எழுதவில்லை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாவது வரைக்கும் படித்தவள், ஒரு பக்கம் எழுத ஒரு பொழுது ஆகிறது. எங்கள் வீட்டுக் கடிதமெல்லாம் அவர்தான் எழுதுவார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, "இதையும் எழுதுங்க, அதையும் எழுதுங்க" என்பேன். "நீ சொல்றதெல்லாம் எழுதினா ஸ்டாம்பு ரெண்டு ஒட்டணும்டி" என்பார்.

அவருடைய ரப்பர் பூட்ஸ் பின்கதவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. காலையில் எழுந்ததும் அதைக் கவிழ்த்துத் தட்டுகிறேன். உள்ளே பூரான் ஏறியிருக்கும் என்று பதினெட்டு வருஷம் தட்டிக் கொடுத்த கை. தட்டின பிறகுதான் யாருக்கு என்று தோன்றுகிறது.

இப்போது எழுத வந்த விஷயம். போன வாரம் நாலு பேர் வந்து வீட்டுக்குப் பின்னால் குச்சி நட்டு, ஒவ்வொரு குச்சியிலும் சிவப்புத் துணி கட்டிவிட்டுப் போனார்கள். அதில் ஒருவன் தமிழ் ஆள். "என்னப்பா இதெல்லாம்?" என்று கேட்டேன். "மெர்டேக்கா வருதுல்ல அக்கா, சுதந்திரம். இங்க ரெண்டு வரிசை வீடு வரப் போவுது, ரோடு வரப் போவுது, லைட்டு வரப் போவுது" என்றான். "அப்ப கோலம்?" என்றேன். "அது எங்க அக்கா இருக்கப் போவுது, அழிஞ்சிடும்" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

தம்பி, எனக்கு ரோடும் வேண்டாம், லைட்டும் வேண்டாம். அந்தக் கோலத்தை மட்டும் அழிக்காமல் விடச் சொல்லுங்கள். உங்கள் அண்ணன் காலையில் எழுந்ததும் முதலில் அதைத்தான் பார்ப்பார். பார்க்காமல் ஒரு நாளும் வேலைக்குப் போனதில்லை. எங்கள் காஜா பெராங் படமும் நீங்கள் வேலை பார்க்கிற பிளான் ஆபீசில்தான் போடுகிறார்கள் என்று அந்த ஆள் சொன்னான். ஆட்சேபம் இருந்தால் மார்ச் மாதம் பதினைந்தாம் தேதிக்குள் இங்கிலீஷில் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். எனக்கு இங்கிலீஷுக்கு உங்களை விட்டால் யார்? "கோலத்தை விட்டுவிடுங்கள்" என்று ஒரு வரி எழுதி, என் பேரைப் போட்டுக் கொடுத்துவிடுங்கள். போதும்.

வாத்து ஒன்று முட்டை வைக்க ஆரம்பித்திருக்கிறது. நான் ஒருத்தி எத்தனை முட்டை தின்பேன்.

உங்கள் அண்ணி,
பூங்காவனம்


கோலாலம்பூர்
21-2-1957

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

கருணாகரனின் வணக்கம். கடிதம் கிடைத்தது. மல்லிகாவும் நானும் நலமாக இருக்கிறோம். அவள் வீட்டு விருந்தாளிகள் வந்து போய்க்கொண்டிருப்பதால் கடிதம் எழுத நேரமில்லாமல் போகிறது. மன்னிக்க வேண்டும்.

நீங்கள் கேள்விப்பட்டது சரிதான். காஜா பெராங் படத்துக்கு மை போட்டுப் பெயர்த்து எழுதுவதே நான்தான். இரண்டு வரிசையில் இருபத்து நான்கு வீடுகள், நடுவில் தார் ரோடு, இரண்டு பக்கமும் சிமெண்டுக் கால்வாய். அண்ணன் இருந்திருந்தால் பெருமைப்பட்டிருப்பார். உங்கள் வீட்டுக்குப் பின்னால் கீரை மண்டிக் கிடந்த அந்தப் பள்ளம்கூடப் படத்தில் வெறும் வெள்ளையாகத்தான் இருக்கிறது. காலி நிலம், யாருக்கும் நஷ்டமில்லை.

கோலத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். வேலையாட்கள் வந்து போகிற இடத்தில் கோலம் மிதிபடத்தான் செய்யும். அதற்கெல்லாம் அரசாங்கத்துக்கு மனுக் கொடுக்க முடியாது அண்ணி. அழிந்தால் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம். இன்னொன்றும் சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளக் கூடாது. அண்ணன் போய் மூன்று மாதம்கூட ஆகவில்லை. வருஷத் திதி முடிகிறவரை துக்க வீட்டில் கோலம் கூடாது என்று எங்கள் மன்னார்குடிப் பக்கம் சொல்வார்கள். அண்ணன் சின்ன வயதிலேயே மாமாவோடு கப்பலேறிவிட்டார். நான் அப்பாவோடு அங்கேயே வளர்ந்தவன், மலாயாவுக்கு வந்து நாலு வருஷம்தான் ஆகிறது. இந்த ஊர் வழக்கம் எனக்குத் தெரியாது. மனதில் பட்டதை எழுதினேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். முட்டையை விற்றுவிடலாமே.

தங்கள் அன்புள்ள,
கருணாகரன்


காஜா பெராங்
14-3-1957

தம்பிக்கு,

உங்கள் கடிதம் வந்து இரண்டு வாரத்துக்கு மேலாகிவிட்டது. பதில் எழுத மனசு வரவில்லை. இன்றைக்கு எழுதாவிட்டால் என்றைக்கும் எழுத மாட்டேன் என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

"அழிந்தால் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு ஏக்கர் கோலத்தை நான் எப்படித் தம்பி புதிதாகப் போடுவேன்? துக்க வீட்டில் கோலம் கூடாது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது? அது பாட்டுக்கு வீட்டுக்குப் பின்னால் கிடக்கிறது, தண்ணீரும் கங்கோங் கீரையும் வாத்துமாக. அந்தக் கீரையைத்தான் கட்டுக் கட்டிச் சந்தைக்குக் கொண்டுபோகிறேன். உங்கள் அண்ணனைத் தின்ற தண்ணீரில் முளைத்த கீரை என்று நீங்கள் சொல்ல வருகிறீர்களோ என்னவோ. அப்படிப் பார்த்தால் நான் எங்கே போவது?

உங்களுக்கு முழுசாகத் தெரியாது, அதனால் சொல்கிறேன். நீங்கள் வந்தபோது "காய்ச்சலில் போனார்" என்று மட்டும் சொன்னேன். அழுகையில் அவ்வளவுதான் வந்தது.

காஜா பெராங் மேட்டில் பெய்கிற மழை எல்லாம் கால்வாய் வழியாக இறங்கி எங்கள் கோலத்துக்குத்தான் வரும். அங்கிருந்து ஒரு சிமெண்டுக் குழாய் வழியாக ஆற்றுக்குப் போகும். ஆனால் கடல் ஏறுகிற நேரத்தில் ஆறு தண்ணீரை வாங்காது. திருப்பி அனுப்பும். கடல் இறங்குகிற வரைக்கும், ஆறு மணி நேரமோ ஏழு மணி நேரமோ, அவ்வளவு மழையும் கோலத்தில்தான் உட்கார்ந்திருக்க வேண்டும். பக்கத்துக் கிராமம் செட்டி கம்பத்துச் சாரதாம்பாள் அக்கா (பேர்தான் தமிழ், பேச்செல்லாம் மலாய்) உங்கள் அண்ணனைப் பார்த்தால் கேலி செய்யும். "மண்டோர், இன்னிக்கு உன் விருந்தாளி வந்தாச்சா, உக்கார நாற்காலி போட்டியா?" என்று. விருந்தாளி என்றால் தண்ணீர். அவரும் விடமாட்டார். "நாற்காலி போடாட்டி உன் கட்டில்ல வந்து படுத்துக்கும் அக்கா" என்பார்.

கால்வாய் சுத்தம் செய்கிற ஆட்களுக்கு அவர் மண்டோர். மேற்பார்வை பார்த்தால் போதும், இறங்க வேண்டிய வேலை இல்லை. டிசம்பர் மூன்றாம் தேதி விடியற்காலையிலிருந்து மழை. மத்தியானம் கடல் இறங்கியும் கோலத்துத் தண்ணீர் இறங்கவில்லை. குழாயில் யாரோ போட்ட மெத்தை அடைத்துக்கொண்டிருந்தது. ஆட்கள் யாரும் இறங்கவில்லை. அவரே இறங்கினார். கழுத்துத் தண்ணீரில் நின்று மெத்தையைக் கிழித்துக் கிழித்து இழுத்தார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "போயிடுச்சுடி, எந்த வீட்டுக்குள்ளேயும் ஏறல" என்று சிரித்தார். மூன்றாம் நாள் காய்ச்சல். கண்ணெல்லாம் மஞ்சள். ஒன்பதாம் நாள் ஆஸ்பத்திரியில் முடிந்துபோனது.

இப்போது புரிகிறதா தம்பி? அவர் எதற்காகச் செத்தார் என்று என்னை நானே கேட்டுக்கொண்டால் கதவைத் திறந்து அந்தக் கோலத்தைப் பார்ப்பேன். அதையும் மண் கொட்டி மூடிவிட்டால் நான் எதைப் பார்ப்பேன்?

நாளைக்குத் தேதி பதினைந்து. நீங்கள் மனுக் கொடுத்திருக்க மாட்டீர்கள் என்று தெரியும். இருந்தாலும் எழுதினேன்.

பூங்காவனம்


கோலாலம்பூர்
19-3-1957

அண்ணி,

உங்கள் காலைத் தொட்டு மன்னிப்புக் கேட்க வேண்டியதை மையில் எழுதுகிறேன்.

நீங்கள் கோலம் என்று எழுதியதை, வாசலில் மாவால் போடுகிற கோலம் என்றே நினைத்தேன். துக்கத்தில் அண்ணி ஒரு கோலத்தைப் பிடித்துக்கொண்டு ஏதோ பேசுகிறார்கள் என்றுதான் பட்டது. இந்தக் கடிதத்தை ஆபீசில் வைத்துப் படித்தபோது ஒன்றும் விளங்கவில்லை. இரண்டு ஏக்கர் கோலமா, அதில் வாத்தா? பக்கத்து மேசையில் ஹாஷிம் என்று ஒரு மலாய்க்காரர். அவரிடம் சிரித்துக்கொண்டே "கோலம்" என்று சொல்லி, விரலால் மேசையில் புள்ளி வைத்துக் காட்டினேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "கோலாமா? அதுல மீன் இருக்கா?" என்று கேட்டார். அப்போதுதான் தெரிந்தது. மலாய்ப் பேச்சில் கோலம் என்றால் குளம். நாலு வருஷமாக இந்த நாட்டுக்குப் படம் வரைகிறேன், இந்த ஒரு வார்த்தை தெரியவில்லை.

உங்கள் முதல் கடிதம் பதினைந்தாம் தேதி வரை என் மேசை இழுப்பறையில்தான் இருந்தது. ஒரு வரி எழுதிக் கொடுத்திருந்தால் போதும். கொடுக்கவில்லை. நேற்று எங்கள் ஆபீஸ் துரையிடம் போய் நின்றேன். தேதி தாண்டிவிட்டது என்றார். அந்த இடத்தில் குளம் இருப்பதாகப் படத்தில் இல்லையே என்றார். அளவெடுக்கப் போனவர்கள் மழையில்லாத மாதத்தில் போயிருக்கிறார்கள், பள்ளத்தில் கீரைதான் இருந்திருக்கிறது. வெள்ளையாக விட்டுவிட்டார்கள். நானும் வெள்ளையாகவே பெயர்த்தேன்.

ஒரு வழி இருக்கிறது. படத்துக்கு முத்திரை விழ மே மாதம் ஆகும். அதற்குள் தண்ணீர் எந்த வருஷம் எவ்வளவு உயரம் ஏறியது என்று கணக்காகக் காட்டினால், தேதி போனாலும் பரவாயில்லை, பார்க்கிறேன் என்று துரை சொன்னார். "ரொம்பத் தண்ணி வரும் என்று எல்லா ஊரிலும்தான் சொல்கிறார்கள். எவ்வளவு?" என்று கேட்டார். அண்ணன் எங்கேயாவது எழுதி வைத்திருக்கிறாரா அண்ணி? நோட்டுப் புத்தகம், காலண்டர், எதுவானாலும்.

அண்ணன் இறங்கின கதையை எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லும்படி நானும் கேட்கவில்லை.

கருணாகரன்


காஜா பெராங்
31-3-1957

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தேன். அவர் போனதற்கப்புறம் இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது இதுதான் முதல் தடவை. எனக்கே பயமாகப் போய்விட்டது. பிறகு சாரதாம்பாள் அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னேன். அது வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "உன் கொழுந்தன் அங்க உக்காந்து நம்ம கோலத்துக்குப் புள்ளி வைக்கிறாரா!" என்று மலாயில் சொல்லிச் சொல்லிச் சிரித்தது.

உங்கள் மேல் கோபம் போய்விட்டது. எனக்கும் தெரியாதே. நான் பிறந்ததிலிருந்து எல்லாரும் கோலம் என்றுதான் சொல்கிறார்கள். குளம் என்றால் கோயிலில் இருப்பது, படிக்கட்டு இருக்கும், சாமி இறங்கும். இதில் வாத்துதான் இறங்குகிறது. இதைப் போய்க் குளம் என்று சொல்ல வாய் வருமா?

நீங்கள் கேட்ட கணக்கு இருக்கிறது. நோட்டில் இல்லை, காலில் இருக்கிறது. வீட்டைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தியிருக்கிற மரக்கால்களில் பின்பக்கத்துக் கால். ஒவ்வொரு வருஷமும் மழை முடிந்ததும், தண்ணீர் ஏறின சேற்றுத் தடம் பார்த்து அந்த உயரத்தில் ஓர் ஆணி அடிப்பார். சண்டை முடிந்து ஜப்பான்காரன் போனதற்கு மறு வருஷம் ஆரம்பித்தது. "எதுக்குங்க வீட்டுக்கால்ல இத்தனை ஆணி?" என்று சத்தம் போட்டிருக்கிறேன். "நம்ம ஆபீசர் யாராவது ஒரு நாள் கேப்பாருடி" என்றார். பத்து வருஷமாக யாரும் கேட்கவில்லை. இப்போது நீங்கள் கேட்கிறீர்கள்.

எனக்கு அடிக்கோல் பார்க்கத் தெரியாது. அதனால் ஒரு கயிறு வைத்து அளந்தேன். மழையில் சுருங்காத கயிறு, மீன் பிடிக்கிறவர்கள் வைத்திருப்பது. அடியில் மஞ்சள் துணி கட்டியிருக்கிறேன் பாருங்கள், அது தரை. கால் புதைந்திருக்கிற கல்லின் தலை. அங்கிருந்து ஒவ்வோர் ஆணிக்கும் ஒரு முடிச்சு. பத்து ஆணிக்குப் பத்து முடிச்சு. நன்றாக நனைத்து இறுக்கிப் போட்டேன், நழுவாது. எந்த முடிச்சு எந்த வருஷம் என்று தனிக் காகிதத்தில் எழுதியிருக்கிறேன். சில வருஷம் எனக்கு நினைவில்லை. சாரதாம்பாள் அக்கா பேரன் பிறந்த வருஷம், தோட்டத்தில் வேலைநிறுத்தம் நடந்த வருஷம் என்று பார்த்துப் பார்த்து வைத்தோம்.

பதினோராவது முடிச்சு ஒன்று இருக்கும். அது போன டிசம்பர். அதற்கு ஆணி அடிக்க அவர் இல்லை. சேற்றுத் தடம் இன்னும் காலில் இருந்தது. நேற்று நானே சுத்தியலை எடுத்து அடித்தேன். இரண்டு தடவை விரலில் பட்டது. அதுதான் எல்லாவற்றிலும் மேல் முடிச்சு.

கயிற்றைச் சுருட்டி இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். தபால்காரர் தொட்டுப் பார்த்துவிட்டு, "என்னம்மா, பாம்புக் குட்டியா?" என்று கேட்டார்.

மல்லிகா எப்படி இருக்கிறாள்? ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். அவள் கையெழுத்து எப்படி இருக்கும் என்றுகூட எனக்குத் தெரியாது.

உங்கள் அண்ணி,
பூங்காவனம்


கோலாலம்பூர்
22-6-1957

அன்புள்ள அண்ணிக்கு,

இவ்வளவு நாள் எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. முதலில் நல்லதைச் சொல்கிறேன்.

குளம் தப்பித்தது. உங்கள் கயிற்றைத் துரையின் பெரிய மேசையில் நீட்டி, இரண்டு முனையிலும் மைக்கூட்டை வைத்து, ஒவ்வொரு முடிச்சாக அளந்தோம். "தரை எந்தப் பக்கம்?" என்று கேட்டார். மஞ்சள் துணியைக் காட்டினேன். பிறகு மலாக்காவிலிருந்து ஆட்களை அனுப்பி, உங்கள் வீட்டுக் கல்லின் உயரத்தையும் சுற்றியுள்ள நிலத்தின் உயரத்தையும் எடுத்தார்கள். அவர்கள் வந்தது உங்களுக்கும் தெரிந்திருக்கும். இருபத்து நான்கு வீடுகளும் மேட்டுப் பக்கம் தள்ளிப் போகின்றன. பள்ளத்தை அப்படியே திறந்த வெளியாக விடுகிறார்கள், சுற்றிலும் மரம் வைப்பார்கள். ஊர் என்றால் வீடும் ரோடும் மட்டுமில்லை, மழைக்கும் அதில் பங்கு ஒதுக்க வேண்டும் என்று துரை குறிப்பில் எழுதினார். எனக்கு அண்ணன் பேசுவதைப் போல இருந்தது.

இனிச் சொல்ல வேண்டியதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல்தான் ஆறு வாரம் கடத்தினேன். தண்ணீருக்கு என்று விடுகிற இடத்துக்கு ஓர் எல்லை வேண்டும். எல்லாவற்றிலும் உயர்ந்த முடிச்சு எதுவோ, அந்த உயரத்துக்குச் சுற்றிலும் கோடு இழுத்தார்கள். தரைப் பலகை அந்த உயரத்துக்குக் கீழே இருக்கிற வீடெல்லாம் கோட்டுக்கு உள்ளே, அங்கே யாரும் குடியிருக்கக் கூடாது. உங்கள் பக்கத்து ஐந்து வீடுகளும் கோட்டுக்கு வெளியே இருக்கின்றன. ஒரு கோழிக் கொட்டகை உள்ளே வருகிறது. உங்கள் வீடும் உள்ளே வருகிறது அண்ணி.

இழுத்த கை என் கை. வேறு யாரையாவது போடச் சொல்லியிருக்கலாம். மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. பேனா உங்கள் வீட்டருகே வந்தபோது, ஓர் அங்குலம் வளைத்துக்கொண்டு போனால் என்ன என்று நினைத்தேன். துரை பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அவர் நிற்காவிட்டால் வளைத்திருப்பேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

வருஷ முடிவுக்குள் காலி செய்யும்படி நோட்டீஸ் வரும். நீங்கள் இங்கே வந்துவிடுங்கள். எங்கள் வீட்டில் ஓர் அறை இருக்கிறது. மல்லிகாவும் சொல்லச் சொன்னாள்.

கருணாகரன்


கோலாலம்பூர்
5-9-1957

அண்ணிக்கு,

ஜூன் மாதக் கடிதத்துக்கும் ஜூலை மாதக் கடிதத்துக்கும் பதில் இல்லை. மெர்டேக்கா அன்று இந்த ஊரே தெருவில் இருந்தது. நான் வீட்டிலேயே இருந்தேன். ஒரு கார்டு போடுங்கள். திட்டியாவது போடுங்கள்.

கருணாகரன்


புக்கிட் காதில், மலாக்கா
20-12-1957

அன்புள்ள தம்பி கருணாகரனுக்கு,

மேலே ஊர்ப் பேரைப் பார்த்திருப்பீர்கள். நான் இடம் மாறி மூன்று நாள் ஆகிறது.

உங்கள் கடிதம் எல்லாம் வந்தது. கோபத்தில் பதில் போடாமல் இல்லை. ஒன்றைச் சொல்லாமல் பதில் எழுத முடியவில்லை, சொல்லவும் வரவில்லை. திதி முடியட்டும் என்று இருந்தேன். முடிந்துவிட்டது. சாரதாம்பாள் அக்கா வந்து கூட இருந்தது. அவருக்குப் பிடித்த வாத்து முட்டைக் குழம்பு வைத்தேன். திதிக்கு முட்டை வைப்பாளா ஒருத்தி என்று மன்னார்குடியில் கேட்பார்கள். அவர் சாப்பிட்டது அதுதான்.

சொல்ல வேண்டியது இதுதான். அந்த மேல் முடிச்சைப் போடும்போதே எனக்குத் தெரியும்.

பத்து முடிச்சு போட்டு முடித்துவிட்டுப் பார்த்தேன். பத்தாவது முடிச்சு வீட்டுத் தரைப் பலகைக்கு ஒரு சாண் கீழே இருந்தது. அதோடு விட்டிருந்தால் என் வீடு தண்ணீருக்கு வெளியே. பதினோராவது தடம் பலகைக்கு மேலே நாலு விரல். போன டிசம்பரில் "எந்த வீட்டுக்குள்ளேயும் ஏறல" என்று வந்து சொன்னாரே, எங்கள் வீட்டுக்குள் ஏறியிருந்தது. அவர் குழாயில் நிற்கும்போது நான் இங்கே அரிசிப் பானையைத் தூக்கிக் கட்டில்மேல் வைத்துக்கொண்டிருந்தேன். அவர் வருவதற்குள் இறங்கிவிட்டது, துடைத்துவிட்டேன். அவ்வளவு சந்தோஷமாக வந்து நின்றவரிடம் எப்படிச் சொல்வது? பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். பிறகு காய்ச்சல் வந்துவிட்டது.

அந்த ஆணிக்கு முடிச்சுப் போடாமல் விட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆணியே அன்றைக்குத்தான் அடித்தது. கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். அவர் பத்து வருஷம் ஒரு விரற்கடை கூட்டாமல் குறைக்காமல் அடித்திருக்கிறார். நான் ஒரே ஒரு வருஷம் பொய் சொல்வதா? போட்டுவிட்டேன். அதனால் நீங்கள் கோட்டை வளைக்காமல் போட்டதற்கு வருத்தப்பட வேண்டாம். உங்களுக்கு முன்னால் நான் போட்டுவிட்டேன்.

கோலாலம்பூருக்கு நான் வரவில்லை தம்பி. மல்லிகாவும் சொல்லச் சொன்னாள் என்று எழுதியிருந்தீர்கள். அவள் கையால் ஒரு வரி இருந்திருந்தால் ஒருவேளை வந்திருப்பேன். அவள் மேல் வருத்தமில்லை. என்னை அவளுக்குத் தெரியாது. தெரியாத ஒருத்தி வீட்டில் மூலையில் உட்கார்ந்திருப்பதற்குத் தெரிந்த ஊரில் தனியாக இருக்கலாம். இங்கே வடிவாம்பாள் என்று ஒருத்தி புட்டுமாயம், நீங்கள் இடியாப்பம் என்பீர்களே அது, அவித்து விற்கிறாள். பின் அறையை எனக்குக் கொடுத்திருக்கிறாள். அறையைக் காட்டும்போதே, "இது புக்கிட்டும்மா, மேடு. தண்ணி ஏறாது. குடிக்கிற தண்ணியும் ஏறாது, நீதான் தூக்கிட்டு வரணும்" என்றாள். பேசுகிறவளாகத்தான் இருக்கிறாள். ஆனால் நாலு மணிக்கே எழுந்து மாவு பிசைகிறவள், ஏழு மணிக்கெல்லாம் படுத்துவிடுகிறாள். அப்புறம் சுவர்தான்.

நவம்பரில் பெரிய மழை பிடித்தது. புதிதாக வந்த மண்டோர் பிள்ளைக்குக் கோலத்தில் குழாய் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. அவருடைய பூட்ஸில் துணியை அடைத்து என் காலுக்குச் சரிசெய்து போட்டுக்கொண்டு போய்க் காட்டினேன். அடைப்பை இரண்டு பேரும் சேர்ந்து எடுத்தோம். கடல் ஏறி நின்ற ஏழு மணி நேரமும் தண்ணீர் அத்தனையும் கோலத்தில் உட்கார்ந்திருந்தது. ஐந்து வீட்டிலும் அடுப்பு எரிந்தது. கரையில் நின்று பார்த்தேன். "போயிடுச்சு, எந்த வீட்டுக்குள்ளேயும் ஏறல" என்று வாய்விட்டுச் சொன்னேன். கேட்க அந்தப் பிள்ளைதான் இருந்தான். "யாருகிட்ட அக்கா பேசுற?" என்றான்.

பூட்ஸை அவனிடமே கொடுத்துவிட்டேன். காலையில் கவிழ்த்துத் தட்ட மறக்காதே என்று சொன்னேன். வாத்துகளைச் சாரதாம்பாள் அக்கா வைத்துக்கொண்டது. அவை கோலத்தை விட்டு இங்கே வந்து என்ன செய்யும்.

இரண்டு விஷயம் உங்களால் ஆக வேண்டும். படத்தில் அந்த இடத்துக்கு என்ன பேர் போட்டிருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. கோலம் என்றே போடுங்கள். இன்னொன்று, அந்தக் கயிறு. ஆபீசில் அதற்கு வேலை முடிந்திருந்தால் எனக்கு அனுப்பிவிடுங்கள். வீட்டைப் பிரிக்கிறபோது மரக்காலை விறகுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஆணியைப் பிடுங்கித் தரச் சொல்லிக் கேட்டேன். துரு ஏறி வரவில்லை.

வீட்டை விட்டு வந்த அன்று காலையில் லோரி வரத் தாமதமானது. சாமான் எல்லாம் வெளியே. உள்ளே ஒன்றுமில்லை. ஓர் ஆழாக்கு அரிசி மாவு மீந்திருந்தது. வருஷம் முடிந்துவிட்டதே என்று நினைத்துக்கொண்டு, வாசலில் தண்ணீர் தெளித்து, பதினோரு புள்ளி வைத்து ஒரு கோலம் போட்டேன். நீங்கள் சொல்கிற கோலம். ரொம்ப நாளாகப் போடாத கை, ஒரு பக்கம் கோணிப்போய்விட்டது. லோரிக்காரர் அதைத் தாண்டிப் போய்க் கதவைச் சாத்தினார்.

படத்தில் எங்கள் வீடு இருந்த இடத்தை வெள்ளையாக விட்டிருப்பீர்கள். அப்படியே இருக்கட்டும். அங்கே கோலம்தான் இருக்கிறது.

என்றும் உங்கள் அண்ணி,
பூங்காவனம்